ஆர்கான், நைட்ரஜன் சிலிண்டர்: நம்ம கரையில திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

வருசா வருசம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டின்னு எல்லா கரையிலயும் விசைப்படகு வேல அப்பதான் மொத்தமா நடக்கும், டீசல் டேங்க் மாத்துறது, எஸ்.எஸ் (துருப்புடிக்காத இரும்பு) பைப் ஒட்ட வைக்கிறது, அலுமினியம் வேலைன்னு வெல்டிங்குக்கு விடுற ஆர்கான் கேஸ் சிலிண்டர் போட்டுக்குள்ளயே ஏறி இறங்கும். பட்டறை வச்சிருக்கிறதால எங்கிட்ட பசங்க, போட்டு ஓனருங்க, ஏசி மெக்கானிக்குங்க, வீட்டுப் பொம்பளைங்க வரைக்கும் இத பத்தி கேட்டுக்கிட்டே இருக்காங்க. கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு பதில் எழுதிருக்கேன்.

1. அண்ணே, நாம மூச்சு விடுற காத்துலயே முக்காவாசி நைட்ரஜன் தானே, அப்பறம் அது எப்படி ஆள கொல்லும்?

காத்துல நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் ஏறக்குறைய 21, ஆர்கான் 1 சதவீதத்துக்கு கொஞ்சம் கம்மி. நம்மள உயிரோட வைக்கிறது அந்த 21 மட்டும்தான். நைட்ரஜனும் ஆர்கானும் விஷம் இல்ல, எரியாது, லேசுல எதோடயும் சேராது, எல்லாம் சரி. ஆனா மூடுன எடத்துக்குள்ள அது வந்து நின்னா அங்க இருந்த காத்த வெளிய தள்ளிரும், கூடவே ஆக்சிஜனும் போயிரும். ஆள கொல்லுறது அந்த கேஸ் இல்ல, ஆக்சிஜன் இல்லாம போறதுதான்.

2. கேஸ் லீக்கானா மூச்சு முட்டும்ல? முட்டுனா வெளிய ஓடி வந்துற மாட்டோமா?

முட்டாது. இந்த பக்கம் முழுக்க வேற எதையும் படிக்காட்டாலும் இத மட்டும் படிங்க.

கடல்ல முங்கி பாசி எடுக்குற பொம்பளைங்கள கேட்டுப் பாருங்க, மூச்சப் புடிச்சா கொஞ்ச நேரத்துல நெஞ்சு பிசையும், மேல வா மேல வான்னு உடம்பு இழுக்கும். அப்படி இழுக்கிறது பெரும்பாலும் ஆக்சிஜன் கொறஞ்சதுனால இல்ல, நாம வெளிய விடாம வச்சிருக்கிற கார்பன் டை ஆக்சைடு ரத்தத்துல ஏறுறதுனால. உடம்புக்கு அலாரம் அதுதான். ஆர்கானுக்குள்ள நிக்கிறவன் மூச்ச புடிக்கலையே, நல்லா இழுத்து நல்லா விடுறான், கார்பன் டை ஆக்சைடு பாட்டுக்கு வெளிய போயிக்கிட்டே இருக்கு, அதனால நெஞ்சு பிசையாது, தொண்ட எரியாது, இருமல் வராது. ஆக்சிஜன் மட்டும் சத்தமில்லாம எறங்கிக்கிட்டு இருக்கும். சுத்தமா ஆக்சிஜன் இல்லாத எடத்துல ஒண்ணு ரெண்டு மூச்சுலயே நெனவு போயிரும், கத்தக்கூட நேரம் கெடைக்காது.

அதனால "எனக்கு ஒண்ணும் செய்யல, நான் நல்லாத்தான் இருக்கேன்"னு உள்ள இருக்கிறவன் சொல்றத நம்பி ஒரு முடிவும் எடுக்காதீங்க.

3. எவ்வளவு கொறஞ்சா ஆபத்துன்னு ஒரு கணக்கு இருக்கா?

இருக்கு. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கு கீழ போனாலே உள்ள ஆள் இருக்கக்கூடாது, ஆக்சிஜன் அளக்குற மீட்டர்ல அலாரம் அங்கதான் வச்சிருப்பாங்க. 16 வாக்குல வந்தா நாடி வேகமா அடிக்கும், யோசனை தடுமாறும், கை சொன்ன பேச்சு கேக்காது. 10, 12ல உதடு நீலமாகும், மயக்கம் வரும். 10க்கு கீழ நெனவு தப்பும், 6க்கு கீழ போனா சில நிமிசத்துல உயிர் போயிரும்.

இதுல மோசமான எடம் நடுவுல இருக்கிறது. 14ல நிக்கிறவனுக்கு தான் தடுமாறுறது தனக்கே தெரியாது, சில பேருக்கு சந்தோசமா கூட இருக்கும், வெளிய வாடான்னு கூப்புட்டா "இந்தா ரெண்டு நிமிசம்"னு சொல்லுவான். அப்படி பதில் வந்தா திரும்பக் கேட்டுக்கிட்டு நிக்காம கேஸ மூடிட்டு அவன் பெல்ட்டுல கட்டியிருக்கிற கயித்தப் புடிச்சு (18ல சொல்லிருக்கேன்) வெளிய இழுத்துருங்க.

4. வீட்டு கேஸ் மாதிரி வாசன வராதா?

வராது. வீட்டு எல்.பி.ஜிக்கும் வாசன கெடையாது, லீக் தெரியணும்னுதான் ஒரு நாத்த மருந்த கலக்குறாங்க. ஆர்கான்லயும் நைட்ரஜன்லயும் அத கலக்குறதில்ல. எல்.பி.ஜி அலாரம் மாட்டிருக்கேன், அது சொல்லிரும்னு நெனைக்கிறவங்களுக்கும் சேத்து சொல்றேன், அது எரியுற கேஸத்தான் கண்டுபுடிக்கும், இதுக்கு கத்தவே கத்தாது.

5. ஒரே ஒரு சிலிண்டர்தான உள்ள வச்சிருக்கோம், அதுல என்ன பெருசா ஆயிரப்போகுது?

நாம சாதாரணமா வாங்குற பெரிய சிலிண்டர் 47 லிட்டர் தண்ணி கொள்ளுற அளவு, அதுக்குள்ள 150 பார் அழுத்தத்துல அடைச்சிருக்காங்க. வெளிய விட்டா 7 கன மீட்டர் கேஸ். இப்ப ஒரு மீன் அறைய எடுத்துக்குங்க, நீளம் 3 மீட்டர், அகலம் 3, ஆழம் 2, மொத்தம் 18 கன மீட்டர். அந்த ஒரு சிலிண்டர் முழுசா உள்ள கசிஞ்சா, எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி கலந்தாக்கூட ஆக்சிஜன் 14 பக்கம் வந்துரும், 3வது கேள்விய திரும்ப பாத்துக்குங்க. ஆனா ஒரே மாதிரி கலக்காது, அடுத்த கேள்வி அதுதான்.

சிலிண்டர் எப்பவும் மேல்தட்டுல இல்லன்னா கரையில நிக்கணும். உள்ள போறது ஹோஸும் டார்ச்சும் மட்டும்.

6. ஆர்கான் மேல போகுமா கீழ எறங்குமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக.

ஆர்கான் காத்த விட ஒண்ணே கால் மடங்குக்கு மேல கனம், கிட்டத்தட்ட 1.4 மடங்கு. அதனால குடத்துல தண்ணி நிக்கிற மாதிரி குழியில, டேங்க் அடியில, இன்ஜின் ரூம் தரையில போயி நின்னுக்கும். நின்னுக்கிட்டு ஒட்ட வைக்கும்போது ஒண்ணும் தெரியாது, கீழ்ப்பக்க தையல் போட குனிஞ்சு படுத்தான்னா மொகம் நேரா அதுக்குள்ள. நைட்ரஜன் காத்து கனம்தான், கொஞ்சூண்டு லேசு, அது எங்கயும் பரவி நிக்கும். ஆனா நைட்ரஜன் குளுந்து வந்தா அதுவும் கீழதான் படியும்.

7. கடக்கரையில காத்து பிச்சுக்கிட்டு போகுது, இங்க எப்படி கேஸ் தங்கும்?

நல்ல கேள்வி, நம்ம ஊர்ல இதுதான் எல்லாரையும் ஏமாத்துது. கச்சான் காத்து அடிக்கிறப்ப டார்ச்சுல வர்ற ஆர்கான காத்து அடிச்சுக்கிட்டு போயிரும், வெல்டிங் ஓட்ட ஓட்டையா பூக்கும், எல்லாருக்கும் தெரியும். அதுக்கு நாம என்ன செய்றோம், சுத்தி தார்ப்பாய் கட்டுறோம், மூடியையும் பாதி சாத்துறோம், அதோட கேஸ் வர்ற ஃப்ளோவையும் கூட்டி வைக்கிறோம். வெளிய படகுப் பாய் கிழியிற காத்து அடிக்கும், தார்ப்பாய்க்குள்ள கேஸ் அசையாம நிக்கும்.

தார்ப்பாய் கட்ட வேணாம்னு சொல்லல, வெல்டிங் நிக்கணும்ல. வேல நடக்குற எடத்த மட்டும் மறைக்கிற மாதிரி சின்ன தடுப்பு வச்சுக்குங்க, அடிப்பக்கம் தொறந்து விடுங்க, அறைக்குள்ளன்னா ஒரு ப்ளோயர் போட்டு அதோட குழாய அடி வரைக்கும் விட்டு கீழ நிக்கிறத உறிஞ்சி வெளிய தள்ளுங்க, இன்னொரு பக்கம் நல்ல காத்து உள்ள வர வழி வேணும். மேல ஒரு டேபிள் ஃபேன வச்சு கீழ பாத்து திருப்பி விடுறத நெறைய எடத்துல பாக்குறேன், அது இருக்கிற காத்தையே சுத்திக்கிட்டு இருக்கும், வெளிய போகாது.

8. சாப்பாட்டுக்கு போறப்ப டார்ச்ச உள்ளயே போட்டுட்டு போறோம், ரெகுலேட்டர்ல மூடிட்டுத்தான் போறோம், பரவால்லயா?

பரவால்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆர்கான் விட்டு ஒட்டுற டிக் வெல்டிங்ல சாதாரணமா நிமிசத்துக்கு 8ல இருந்து 12 லிட்டர் போகும். 10ன்னு வச்சா ஒரு மணி நேரத்துக்கு 600 லிட்டர். 5000 லிட்டர் டேங்குக்குள்ள ஒரு மணி நேரம் டார்ச் வால்வு தொறந்தே கெடந்தா ஆக்சிஜன் 18.5 பக்கம் எறங்கிரும், ராத்திரி முழுக்க கெடந்தா கேக்கவே வேணாம். ரெகுலேட்டர் ஊசி தேஞ்சிருந்தா மூடுனாலும் கசியும், உப்புக் காத்துல ஹோஸ் கிளாம்ப் எப்ப இத்துப் போச்சுன்னும் தெரியாது.

செய்ய வேண்டியது கஷ்டமே இல்ல. வெளிய வர்றப்ப டார்ச்ச ஹோஸோட சேத்து கையோட வெளிய எடுத்துட்டு வந்துரணும், சிலிண்டர் தலையில இருக்கிற வால்வயே மூடணும், ரெகுலேட்டர் திருகு மட்டும் போதாது. திரும்ப எறங்குறதுக்கு முன்னாடி புதுசா எறங்குற மாதிரியே மீட்டர் விட்டு பாக்கணும், காலையில பாத்தோமேன்னு விடக்கூடாது. எஸ்.எஸ் பைப்புக்கு உள்பக்கம் ஆர்கான் நிரப்பி ஒட்டுறவங்க இன்னும் கவனமா இருங்க, பைப்போட மறுமுனை எங்க தொறக்குதுன்னு பாருங்க, அது பக்கத்து அறைக்குள்ள போயி ஊத்திக்கிட்டு இருக்கலாம்.

9. சிலிண்டர் கலர வச்சே எந்த கேஸ்னு சொல்லிறலாம்ல பாய்?

ஓரளவுக்கு. நம்ம நாட்டு முறையில ஆர்கான் நீலம், நைட்ரஜன் சாம்பல் உடம்பு கருப்பு கழுத்து, ஆக்சிஜன் கருப்பு, அசிட்டிலின் அரக்கு, ஹைட்ரஜன் செகப்பு. ஆனா வளைகுடா போய்ட்டு வந்தவங்க அங்க பழகுன கலர மனசுல வச்சிருப்பாங்க, ஐரோப்பிய முறையில ஆர்கானுக்கு தோள்பட்டை கரும்பச்சை. போதாததுக்கு நம்ம கரையில ரெண்டு வருசம் நின்னா பெயிண்டும் துருவும் ஒண்ணாயிரும். எழுதியிருக்கிற பேர படிங்க, பேர் அழிஞ்சிருந்தா வாங்காதீங்க, கடையில திருப்பி குடுத்துருங்க.

கூடவே கழுத்துல அடிச்சிருக்கிற டெஸ்ட் தேதியையும் பாருங்க. இந்த மாதிரி சிலிண்டருக்கு 5 வருசத்துக்கு ஒரு தடவ தண்ணி அழுத்த சோதனை கட்டாயம்.

10. வெயில்ல வச்சா வெடிக்குமா?

வெயிலுக்கு மட்டும் நல்ல சிலிண்டர் வெடிக்காது. 15 டிகிரியில 150 பார் இருந்தா 45 டிகிரியில 165 பக்கம் ஏறும், அதத் தாங்குற மாதிரிதான் செஞ்சிருக்கு. தீ பக்கத்துல இருந்தா கத வேற. நம்ம ஊருக்கு வெயில விட துருதான் எதிரி, ஈர மணல்ல நிக்க வச்சா அடிப்பக்கம் கண்ணுக்கு தெரியாம தின்னுக்கிட்டு வரும். பலகை இல்லன்னா ரப்பர் ஷீட் மேல நிறுத்தி நெழல்ல சங்கிலி போட்டு கட்டுங்க.

11. டாடா ஏஸ்ல படுக்க வச்சு கொண்டு போகலாமா? கயிறு கட்டிருக்கோம்.

ஆர்கான், நைட்ரஜன படுக்க வச்சா கேஸுக்கு ஒண்ணும் ஆகாது, அசிட்டிலினத்தான் படுக்க வைக்கவே கூடாது. ஆனா உருளாம கட்டை குடுக்கணும், ரெகுலேட்டர கழட்டி வால்வு மேல இரும்பு மூடிய திருகிருக்கணும். சிலிண்டர் காலியாவே 50 கிலோவுக்கு மேல வரும், அது உருண்டு விழுந்து வால்வு ஒடிஞ்சா 150 பார் அந்த ஓட்ட வழியா ஒரே மூச்சுல வெளிய வரும், செவத்த ஒடைச்சுக்கிட்டு போற வேகம். மூடி இல்லாத சிலிண்டர எந்த கடைக்காரர் குடுத்தாலும் ஏத்தாதீங்க. மூடுன வேன்ல, கார் டிக்கியில வேணவே வேணாம், காரணம் 5லயே இருக்கு.

12. ஏசி பைப் லீக் பாக்க நைட்ரஜன் தீந்துருச்சு, பட்டறையில ஆக்சிஜன் இருக்கு, அது வச்சு பிரஷர் ஏத்துனா என்ன?

ஆள் செத்துருவான், அவ்வளவுதான். கம்ப்ரசருக்குள்ள ஆயில் இருக்கு. அழுத்தத்துல இருக்கிற ஆக்சிஜனும் ஆயிலும் சேந்தா நெருப்பே தேவையில்ல, தானா புடிச்சு கம்ப்ரசர் குண்டு மாதிரி வெடிக்கும். நைட்ரஜன் வர்ற வரைக்கும் வேலைய நிறுத்துங்க, கஸ்டமர் திட்டுனா திட்டட்டும்.

நைட்ரஜன்லயும் ரெகுலேட்டர் இல்லாம நேரா ஹோஸ சொருகுறது தப்பு. மெஷின் பிளேட்டுல போட்டிருக்கிற சோதனை அழுத்தத்துக்கு மேல போகாதீங்க. வால்வ மெதுவா தொறங்க, தொறக்குறப்ப ரெகுலேட்டருக்கு நேர மொகத்த வைக்காம ஓரமா நில்லுங்க. அந்த ஹோஸால சட்டையில தூசி ஊதுற பழக்கமும் வேணாம், அந்த அழுத்தம் தோல கிழிச்சு உள்ள எறங்கும்.

13. டேங்குக்குள்ள புழுக்கமா இருக்கு, கேஸ் கட்டிங் ஆக்சிஜன கொஞ்சம் தொறந்து விட்டா ஆக்சிஜன் கூடிரும்ல?

கூடும், அதுதான் பயம். 23.5 சதவீதத்த தாண்டுனா சட்டை, முடி, கையுறையில இருக்கிற கிரீஸ் எல்லாம் ஒரு பொறி பட்டா குப்புன்னு புடிக்கும், அணைக்க முடியாது. துணியில ஏறுன ஆக்சிஜன் வெளிய வந்த பிறகும் கொஞ்ச நேரம் நிக்கும், அப்ப பீடி பத்த வச்சாக்கூட ஆபத்து. கெட்ட காத்துக்கு மருந்து நல்ல காத்து மட்டும்தான், 7ல சொன்ன ப்ளோயர் போடுங்க.

14. எங்க அப்பா கெணறு தூர் வாரப் போறப்ப விளக்க கயித்துல எறக்கி பாப்பாக, அணைஞ்சா எறங்க மாட்டாக. அது போதாதா?

பெரியவங்க கையில வேற ஒண்ணும் இல்லாத காலத்துல அது நல்ல புத்தி. ஆனா மெழுகுவத்தி 16 பக்கம் வந்தப்பறம்தான் அணையும், 17, 18ல எரிஞ்சுக்கிட்டு இருக்கும், ஆளுக்கு 19.5லயே நிறுத்தணும். போட்டுல இன்னொரு விசயம், டீசல் ஆவி, பெயிண்ட் தின்னர் ஆவி நிக்கிற எடத்துல நெருப்ப எறக்குனா வேற விபத்து. ஆக்சிஜன் மீட்டர கயித்துல கட்டி மேல, நடுவுல, அடியில மூணு எடத்துலயும் நிறுத்தி நிறுத்தி பாருங்க, ஆள் உள்ள போகாம வெளிய இருந்தே.

15. மகளிர் குழுவுல கருவாடு பாக்கெட்டுக்கு நைட்ரஜன் அடிக்கிற மெஷின் வாங்கப் போறோம், சின்ன ரூம்தான், பயப்படணுமா?

பாக்கெட்டுக்குள்ள இருக்கிற நைட்ரஜன் சாப்புடுறவங்களுக்கு ஒண்ணும் செய்யாதுக்கா. ரூம் விசயத்துல கவனம் வேணும். சிலிண்டர வெளித் திண்ணையில வச்சு பைப் மட்டும் உள்ள விடுங்க, ஏசி போட்டு ஜன்னல அடைக்காதீங்க, சாயங்காலம் பூட்டும்போது வெளிய இருக்கிற வால்வ மூடிட்டு பூட்டுங்க. கருவாடு சரியா காயாம ஈரம் இருந்தா நைட்ரஜன் அத காப்பாத்தாது, காத்து இல்லாத எடத்துலதான் வளருற விஷக் கிருமியும் உண்டு, அதனால காய வைக்கிறதுல அவசரம் வேணாம்.

16. மாட்டுக்கு சினை ஊசி போடுறவங்க தூக்கிட்டு வர்ற புகை வர்ற கேன், அதுவும் இதே கேஸா?

அதேதான், திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. ஒரு லிட்டர் கொட்டுனா ஏறக்குறைய 700 லிட்டர் கேஸா விரியும். 3 லிட்டர் கேன் கார்ல கவுந்தா 2 கன மீட்டர், ஒரு கார் உள்ள மொத்தமே 3 கன மீட்டர் வாக்குலதான் இருக்கும். கார்ல கொண்டு போனா கண்ணாடிய நல்லா எறக்கி விடுங்க, பைக்ல நிமித்தி கட்டி கொண்டு போறது மேல். அதோட மூடிய இறுக்கி அடைக்கக் கூடாது, ஆவி வெளிய வர வழி இல்லன்னா கேன் வெடிக்கும்.

2021 ஜனவரி 28ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல கெயின்ஸ்வில்ங்கிற ஊர்ல கோழிக்கறி ஆலையில உறைய வைக்கிற மெஷின்ல இருந்து திரவ நைட்ரஜன் வழிஞ்சு 6 பேர் செத்தாங்க. கரையில உறைய வைக்கிற வேல பாக்குற இறால் கம்பெனி ஆளுங்களுக்காகத்தான் இத சொல்றேன்.

17. ஆர்கானும் இல்ல, நைட்ரஜனும் இல்ல, சும்மா கெடக்குற மீன் அறைக்குள்ள எறங்கலாம்ல?

நேரா எறங்காதீங்க. அழுகுன மீனும் ஐஸ் தண்ணியும் கெடந்தா அது ஆக்சிஜன தின்னுக்கிட்டு கார்பன் டை ஆக்சைடும் அழுகுன முட்ட நாத்தம் வர்ற ஹைட்ரஜன் சல்பைடும் விடும், அந்த நாத்தம் திடீர்னு தெரியாம போச்சுன்னா கேஸ் போகல, மூக்கு மரத்துப் போச்சு. மூடியே கெடந்த இரும்பு டேங்குல துரு புடிக்கிறதே ஆக்சிஜன தின்னுரும். மூடிய தொறந்து ப்ளோயர் ஓட்டி, மீட்டர் பாத்து எறங்குங்க. ஆக்சிஜன் மீட்டர் ஹைட்ரஜன் சல்பைட காட்டாது, மீன் அறைக்கு ரெண்டையும் காட்டுற மீட்டர்தான் வேணும்.

18. உள்ள ஒருத்தன் விழுந்துட்டான், கண்ணு முன்னாடி கெடக்குறான், எறங்காம எப்படி நிக்கிறது?

இத கேக்குறவங்ககிட்ட என்னால கோவப்பட முடியாது, கூடப் பொறந்தவனா இருப்பான், மச்சானா இருப்பான். ஆனா அவன் எதுனால விழுந்தானோ அது இன்னும் அங்கதான் இருக்கு. மூச்ச புடிச்சுக்கிட்டு எறங்கி தூக்கிறலாம்னு நெனைப்பாங்க, நெனவில்லாத ஆள் 60, 70 கிலோ, தூக்குறப்ப ஒரு மூச்சு இழுத்தே ஆகணும், 2ல சொன்ன மாதிரி அந்த ஒரு மூச்சு போதும். 1981 மார்ச் 19ல அமெரிக்காவுல கென்னடி விண்வெளி மையத்துல கொலம்பியா விண்கலத்தோட பின் அறையில நைட்ரஜன் நிரம்பி இருக்கிறது தெரியாம வேலையாளுங்க உள்ள போயி உயிர் போச்சு, அவ்வளவு படிச்ச எடத்துலயே. அந்த நாட்டு ரசாயன விபத்து விசாரணை வாரியம் 1992ல இருந்து 2002 வரைக்கும் நைட்ரஜனால மூச்சடைச்ச 85 சம்பவத்த எடுத்துப் பாத்துச்சு, 80 பேர் செத்திருந்தாங்க, காப்பாத்தப் போனவங்களும் அதுல இருக்காங்க.

சிலிண்டர் வால்வ மூடு, சத்தம் போட்டு ஆள் கூட்டு, ப்ளோயர் காத்த அவன் மொகத்துப் பக்கம் விடு, 101க்கும் 108க்கும் போன் போடு, மூச்சுக்கருவி மாட்டுன தீயணைப்பு ஆள் எறங்கட்டும். முன்னாடியே எறங்குறவன் இடுப்பு தோள் பெல்ட்டுல கயிறு கட்டி, மறுமுனைய மேல நிக்கிறவன் கையில குடுத்திருந்தா உள்ள எறங்காமலே இழுத்துறலாம். மேல நிக்கிறவனுக்கு வேற வேல குடுக்காதீங்க, போன் பாக்கவும் விடாதீங்க. வெளிய எடுத்ததும் மூச்சு இல்லன்னா நெஞ்ச அழுத்தி, வாயோட வாய் வச்சு ஊதுறத ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடாம செய்யணும், இத பட்டறைக்கு ரெண்டு பேராவது பழகி வச்சுக்குங்க.

19. மாஸ்க் போட்டு எறங்குனா?

துணி மாஸ்க், தூசி மாஸ்க், ரெண்டு பக்கம் டப்பா வச்ச பெயிண்ட் மாஸ்க் எதுவும் ஆகாது. அதெல்லாம் காத்த வடிகட்டும், இல்லாத ஆக்சிஜன உண்டாக்காது. முதுகுல சிலிண்டரோட வர்ற மூச்சுக்கருவி இல்லன்னா வெளிய இருந்து ஹோஸ்ல நல்ல காத்து வர்ற செட், இது ரெண்டுதான், அதுவும் பழகுனவங்களுக்கு.

20. மீட்டர் வாங்கிட்டோம், நம்பலாமா?

தினமும் நம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ வெளிக் காத்துல போட்டு பாருங்க, 20.9 காட்டணும். காட்டலன்னா அன்னைக்கு எறங்காதீங்க. அப்பறம் சென்சார்ல மூச்ச விடுங்க, நம்பர் எறங்கணும், எறங்காம அப்படியே நின்னா சென்சார் செத்துப் போச்சு. சென்சாருக்கு ஆயுசு உண்டு, சாதாரணமா ரெண்டு வருசம் வாக்குல, மேல ஒட்டியிருக்கிற தேதிய பாத்து மாத்துங்க. நம்ம எடத்துல உப்பு படியும், வேல முடிஞ்சதும் தொடச்சு டப்பாவுல வச்சு மூடிருங்க, ஈரத்தோட டூல் பையில போட்டு வைக்காதீங்க.